ஒரு சொட்டு ரத்தம் கிடையாது

போலீஸ்காரர்கள் வெறுங்கையோடு திரும்பத்தான் இருந்தார்கள். பேராச்சி மட்டும் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அன்றைய காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தாராவியில் அவளைத் தெரிந்த ஒருவரும் அவள் வாயை மூடிக்கொண்டு போவாள் என்று நினைத்ததில்லை.

பக்ரீத் அன்று காலை. பேராச்சி மாட்டுங்காவுக்கு, தான் சமையல் வேலை பார்க்கும் வீட்டுக்குக் கிளம்பிக் கீழே வந்தாள். அவர்கள் கட்டடம், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட பழைய சால் வீடுகளை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பிக் கொடுத்தது. எல்லோருக்கும் ஆளுக்கொரு அறை மேலே ஒதுக்கியபோது, சால் முனையில் இருந்த சுடலைமாடசாமிக்குக் கீழே தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தது. அந்த மூலையில்தான் ஹவல்தார் சாவந்தும் ஒரு இளவட்டப் போலீஸ்காரனும் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியிலிருந்து யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள்: கட்டடத்துக்குள்ளேயே ஆடு அறுத்துவிட்டார்கள் என்று.

தரை பளிச்சென்று இருந்தது. கழுவி, பினாயில் போட்டு, ஈரமும் காய்ந்துவிட்டது. சாவந்த் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "ஒண்ணும் இல்லையே" என்றார். எதிரே பைசான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இறைச்சி எங்கே வாங்கினாய் என்று கேட்டால், இறைச்சிக் கூடத்தில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். அவர்களும் அதை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். போன் வந்ததற்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதானே.

பேராச்சிக்கு என்ன பட்டதென்றால், இவர்கள் அசிங்கம் என்று குற்றம் சொல்ல வந்திருக்கிறார்கள். ஏழாவது மாடியில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன் பைசான். சாலிலேயே பிறந்தவன். அப்பா உத்தரப் பிரதேசத்துத் தோல்காரர் என்றாலும், திருநெல்வேலிப் பிள்ளைகளோடு தெருவில் புரண்டு அவர்கள் தமிழையே பேச்சாக்கிக்கொண்டவன். மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டதைப் பார்த்து அவளை இவனும் சித்தி என்பான். அவனைப் போய் அசிங்கம் பண்ணினான் என்பதா? பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டாள். அவள் பேசிய பம்பாய் இந்தியிலும் திருநெல்வேலி வாடைதான் அடிக்கும்.

"ஹவல்தார் சாப், இந்தப் பய இங்ஙனதான் அறுத்தான், நான் கண்ணால பாத்தேன். பாருங்க, ஒரு சொட்டு ரத்தம் கிடக்கா? வருசா வருசம் இங்ஙனதான் அறுக்கான். எங்க சுடலைக்குக் கிடா அறுக்கதும் இவன்தான். இவன் அறுத்தா ஒரு ஈ உக்காராது. குறை சொல்லிட்டுப் போன் பண்ணினவன் வீட்டு பாத்ரூமப் போய்ப் பாருங்க!"

சாவந்த் அவளைப் பார்த்தார். நல்ல மனுஷன் முகம் அவருக்கு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாவ்ஷி, உட்காருங்க. முதல்ல இருந்து நிதானமா சொல்லுங்க" என்றார். போலீஸ்காரர் ஒருவர் மராத்தியில் சித்தி என்று கூப்பிட்டுத் தனக்கு நாற்காலி போட்டது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. நிதானமாகச் சொன்னாள். இளவட்டம் மராத்தியில் எழுதியது. எழுதியதை நீட்டியபோது, தமிழில் பெரிசு பெரிசாக பேராச்சி என்று கையெழுத்துப் போட்டாள்.

பைசான் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தான். அவளும் சிரித்தாள், காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் புருஷன் பூலோகம் இஸ்திரிக் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் முகமே சரியில்லை.

"ஏட்டி, கூறு கெட்டவளே. அவன் மேல கேஸ் போட்டாச்சு. சாட்சி யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"உங்க அம்மைக்குப் பொறந்த ஒருத்திதான்."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. சாட்சி என்றால் கோர்ட்டில் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிற எவனோ ஒருவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். குடியிருக்கிற இடத்தில் ஆடு அறுத்தது, அதுவும் வருஷா வருஷம் அறுத்தது, எதிர்வீட்டுக்காரி நேரில் பார்த்தது. பினாயில் போட்டுக் கழுவிய தரையில் கிடைக்காத அத்தனையும் அவள் வாயில் கிடைத்துவிட்டது.

கேஸ் சின்னதுதான். ஆனால் பைசான் அப்போது குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். குர்லாவில் ஒரு பட்டறையில் கைப்பைக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அங்கே ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. பாஸ்போர்ட் வந்தாயிற்று, ஏஜெண்ட் சரி சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: இவன் மேல் எந்த வழக்கும் கிடையாது என்று போலீஸ் கொடுக்கிற சர்டிபிகேட்.

சுடலைக் கிடாவைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. சால் காலத்திலிருந்தே அப்படித்தான். கோயில் திருவிழாவான கொடையில் சோற்றுக்குக் கை நீட்டினவர் யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. அது சுடலையின் கட்டளை. சாலில் பாதி வீடு முஸ்லிம் வீடு. அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டினால் அவர்கள் சாப்பிட முடியாது. சாமியாடி மேல் இறங்கிய சுடலையிடமே கேட்டார்கள். பாய் கையிலேயே கத்தியைக் கொடு என்று அது உத்தரவு கொடுத்துவிட்டது. பைசானின் அப்பா பிஸ்மில்லா சொல்லி அறுத்தார், அவருக்குப் பின்னால் பைசான். அறுத்தவன் பங்கு என்று ஒரு தூக்குவாளி நிறையக் கறி தனியாகப் போகும். அந்தத் தூக்குவாளி பேராச்சி வீட்டுப் பரணில் இருந்தது. கொடைக்கு மட்டும்தான் அது கீழே இறங்கும்.

இந்த வருஷம் ஆடிக் கொடைக்குக் கிடா பேராச்சியுடையது. போன வருஷம் பூலோகத்துக்கு நெஞ்சு வலி வந்தபோது லிப்ட் ஓடவில்லை. ஏழு மாடியும் அவனைத் தோளில் போட்டு இறக்கி சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பைசான்தான். அவன் பின்னால் படியிறங்கிக்கொண்டே பேராச்சி நேர்ந்துகொண்டாள். பிழைத்து வந்தால் ஒரு கிடா, உனக்கு.

மறுநாள் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். சாவந்த் வாங்க மாவ்ஷி என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் சொன்னதுல பாதிதான் எழுதியிருக்கீங்களாம். சுடலைக் கிடாவும் அவன்தான் அறுக்கான்னு சொன்னேன்லா, அதையும் எழுதுங்க. நாங்க கேட்டுத்தான் அவன் அறுத்தான். அவன் மேல கேஸ்னா எங்க மேலயும் போடுங்க."

"அது இந்தக் கேஸுக்குத் தேவைப்படாது."

"இடம் அதே இடம். கத்தி அதே கத்தி."

"மாவ்ஷி, புகார் வந்தது இதுக்கு மட்டும்தான். அதுக்கு யாரும் போன் பண்ணலையே."

அவர் அதட்டவில்லை, விரட்டவில்லை. ஒரு ஆள் விரட்டினால் திருப்பிப் பேச பேராச்சிக்குத் தெரியும். இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்கிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்து வந்தாள்.

மாட்டுங்காவில் அவள் சமைக்கிற வீட்டம்மா பிரேமலதா வக்கீல். கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டிப் போனால், முன்னால் பெரிய மாமரம் நிற்கிற வீடு. சாம்பாரைக் கொதிக்க விட்டுவிட்டு பேராச்சி எல்லாவற்றையும் சொன்னாள். பிரேமலதா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"குடியிருக்கிற இடத்துல ஆடு அறுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு பேராச்சி. அதுல எந்த மதத்தோட பேரும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே விதிதான்."

"அப்பம் சுடலைக்கு?"

"சுடலைக்கும்தான்."

"பொறவு எதுக்கும்மா எங்க கோயிலுக்கு இதுவரைக்கும் ஒரு போலீசும் வரல?"

"யாரும் புகார் பண்ணலை, அதனால."

"பண்ணினா வருவாங்களா?"

"வரணும்."

"வரணும்கது இருக்கட்டும்மா. வருவாங்களா?"

பிரேமலதா கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நேர்மையான பெண்பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. சட்டம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னார். பைசானுக்காகத் தானே ஒரு நாள் ஸ்டேஷனுக்கும் போய்ப் பேசிப் பார்த்தார். கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அங்கே பார்த்துக்கொள்வதென்றால் அது வருஷக் கணக்கு.

பேராச்சிக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளுக்கு அது ரொம்பக் கெட்டியான யோசனையாகத்தான் பட்டது. கோயில் மேலும் ஒரு கேஸ் விழட்டும். கட்டடத்தில் பாதித் தமிழ் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கொடையில் கை வைத்தால் கூட்டம் கூடும், கட்சிக்காரன் ஓடி வருவான், ஸ்டேஷனில் சத்தம் போடுவான். கடைசியில் ரெண்டு கேஸையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒரே விதி என்றுதானே சொல்கிறார்கள். போட்டால் ரெண்டு பேர் மேலும் போட வேண்டும், விட்டால் ரெண்டு பேரையும் விட வேண்டும். அந்தக் கணக்கில் அவள் ஒரு ஓட்டையும் காணவில்லை. பூலோகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு மறுபடியும் நெஞ்சு வலிக்கும்.

ஆடி பிறந்ததும் திரும்ப ஸ்டேஷனுக்குப் போனாள்.

"கம்ப்ளெய்ன்ட் கொடுக்கணும்."

"யார் மேல மாவ்ஷி?" என்றார் சாவந்த்.

"எம் மேல. எங்க கோயில் மேல. கட்டடத்துக்குள்ள வச்சுக் கிடா வெட்டப் போறோம். என் கிடாதான்."

சாவந்த் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, அவரிடமும் சொல்லிச் சிரித்தார். டீ வந்தது. அவள் டீயைத் தொடவில்லை.

"அது பரம்பரையா நடக்கிற சாமி காரியம். அதுல போய் போலீஸ் தலையிடுமா?"

"அவனுக்கும் சாமி காரியந்தான சாப்."

"அவன் மேல புகார் வந்துச்சு."

"இந்தா, நான் தாரேன்லா புகாரு! வாங்கிக்கிடுங்க."

"உங்க வீட்டு விசேஷத்து மேல நீங்களே எப்படிப் புகார் கொடுப்பீங்க?" என்றவர், ஏதோ நினைவு வந்ததுபோல முகத்தை மாற்றிக்கொண்டு பேனாவை எடுத்தார். "கொடை என்னைக்கு?"

பேராச்சி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். எழுதுகிறார். "கடைசி வெள்ளி. மதியக் கொடை. மோட்டார் ரூம் பக்கத்துல, அதே மூலையில."

"எத்தனை பேர் வருவாங்க?"

"எல்லாரும் வருவாவ. ஊர்ல இருந்து மேளம் வருது. கல்யாண்ல இருந்துகூட ஆளு வரும்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சாவந்த் பேனாவை மூடினார். "சரி. ரெண்டு பேரை பந்தோபஸ்துக்குப் போடுறேன். நானும் வரேன். மெயின் ரோட்டுல டிராபிக் நிக்கும் பாருங்க, அதை நாங்க பார்த்துக்கிறோம். நீங்க நிம்மதியா சாமி கும்பிடுங்க."

அவள் வெளியே வந்து, பஸ் ஏறத் தோன்றாமல் நடந்தே வீடு சேர்ந்தாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள், அடி வாங்கியிருக்கிறாள். மரியாதை இப்படி வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று மாலை பைசான் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் சட்டை போடாமல் வந்து நின்றான். உள்ளே, வாங்கி வைத்த புதுப் பெட்டி கட்டில்மேல் இருந்தது. அதன்மேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது.

"குவைத்து என்னலே ஆச்சு?"

"வேற ஆளு போயாச்சு சித்தி. ஏஜெண்டு எவ்வளவு நாள்தான் காத்திருப்பான்?"

"என்னால வந்தது. என்னை நாலு வார்த்தை ஏசிரு. ஏசினாத்தாம்ல எனக்குச் சோறு இறங்கும்."

"எதுக்கு ஏசணும்? நீ உள்ளதத்தான சொன்ன." அவன் கதவுப் பிடியைத் தடவிக்கொண்டே நின்றான். "ஒண்ணே ஒண்ணு சித்தி. கொடைக்கு என்னைக் கூப்பிடாத. கத்தி என் கையில இருந்தா அவங்களுக்கு அது வேற கேஸ். இன்னொன்னு என்னால தாங்க முடியாது."

"சுடலை உத்தரவுலே அது."

"சுடலை சொன்னத எந்த ஸ்டேஷன்ல எழுதுவாங்க?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டான்.

கோயில் கமிட்டித் தலைவர் தங்கபாண்டிக்கு இது நிம்மதியாகவே இருந்தது. "போலீசு நிக்கயில அவன் கையில கத்தியக் கொடுத்தா நல்லாவா இருக்கும்? நானே வெட்டிருதேன்" என்றார். பேராச்சி கத்தினாள். பாய் வீடுகளுக்கு என்ன கொடுப்பது, அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். "சர்க்கரைப் பொங்கல் கொடுப்போம்" என்றார் தங்கபாண்டி. சுற்றி நின்றவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. இத்தனை வருஷத்து வழக்கம் ஒரு பேச்சில் முடிந்தது, ஒருவரும் அதை ஒரு இழப்பாக நினைக்கவில்லை. வேறு வழியிருந்தால் அவள் கிடாவையே கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான். பூலோகம் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறானே.

கடைசி வெள்ளி வந்தது. மேளம் கட்டடத்தையே அதிர வைத்தது. சாவந்த் சொன்னபடியே வந்தார். ரெண்டு போலீஸ்காரர்கள் கயிறு கட்டி ரோட்டில் வண்டிகளைத் திருப்பி விட்டார்கள். கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மோட்டார் அறைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பேராச்சி லிப்டில் ஏறி ஏழாவது மாடிக்குப் போனாள். நடையின் கடைசியில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போலீஸ் அவசர எண் நூற்றுப் பன்னிரண்டுக்குப் போன் பண்ணினாள். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். கட்டடத்துக்குள் ஆடு வெட்டுகிறார்கள், சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லி, பேராச்சி விலாசத்தை ரெண்டு தடவை தெளிவாகச் சொன்னாள். உடனே ஆளை அனுப்புகிறோம் என்றாள் அந்தப் பெண். லிப்ட் மேலே போயிருந்தது. படியில் ஓடி இறங்கினாள்.

கீழே வந்தபோது தங்கபாண்டி அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிடாவின் தலை தனியே கிடந்தது. ஒரே வெட்டு. பழக்கமில்லாத கை, சுவரெல்லாம் ரத்தம். பேராச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் சாவந்துக்குப் பக்கத்தில் நின்றாள். இப்போது வருவார்கள். வந்தால் இந்தச் சுவரைப் பார்ப்பார்கள்.

சாவந்தின் போன் அடித்தது. அவர் மேளத்துக்கு எதிராகக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு சத்தமாக, "ஆமா சாஹேப், நான் அங்கேதான் நிக்கிறேன். கோயில் விசேஷம். ஒண்ணும் இல்ல, எல்லாம் சாந்தமா நடக்குது" என்றார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பேராச்சியைப் பார்த்துச் சிரித்தார். "யாரோ பைத்தியம், மாவ்ஷி. நல்ல நாளும் அதுவுமா போன் பண்ணுது."

அவள் தன் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பந்தி முடிகிற நேரத்தில் அண்டாவில் கறி தீர்ந்துவிட்டது. கல்யாணிலிருந்து வந்த ஆட்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பேராச்சி கரண்டியோடு நின்றாள். அவள் காலடியில் பரணிலிருந்து இறக்கிய தூக்குவாளி மூடியபடி இருந்தது. அறுத்தவன் பங்கு. பைசான் இந்த முறை அறுக்கவில்லை, இந்தக் கறியை அவன் வாயில் வைக்கவும் முடியாது. அதெல்லாம் தெரிந்தும் கறி வெந்ததும் முதல் கரண்டியை அதில்தான் ஊற்றினாள். கொண்டுபோய் அவன் வாசலில் வைத்துவிட்டாவது வர வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

சாவந்த் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு டப்பா. "மாவ்ஷி, வாசனை ஆளை இழுக்குது. எங்க பசங்க இன்னும் சாப்பிடலை. கொஞ்சம் போடுங்க."

"தீந்து போச்சு சாப்" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சாவந்தின் கண் தூக்குவாளிக்குப் போனது. "அதுல இருக்கே" என்று அவர் உரிமையோடு டப்பாவை நீட்டினார்.

பின்னால் சுடலை நின்றுகொண்டிருந்தது. கொடையில் கை நீட்டினவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. யாராக இருந்தாலும்.

பேராச்சி தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். அடியில் ஒட்டிய துண்டுவரை வழித்து, அவருடைய டப்பாவில் போட்டாள். பிறகு தூக்குவாளியைக் கழுவுவதற்காக மோட்டார் அறைக் குழாயடிக்குப் போனாள். அங்கே சுவரில் ரத்தம் அப்படியே காய்ந்து கிடந்தது. கழுவிவிட ஆள் இல்லை.